கைநாட்டு வைக்குமுன் அறியவேண்டியவை

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ வலைக்கும் படகுக்கும் கடன் பெறும் அங்கத்தினர், பத்திரத்தில் கைநாட்டு வைத்தவுடன் யாவும் முடிந்ததென எண்ணுதல் சகஜம். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டமோ அதற்கு மேலும் சில அம்சங்களைக் கோருகின்றது. அவற்றுள் ஒன்று குறையினும் பத்திரம் கோர்ட்டில் நில்லாது போகலாம்.

முதலாவது, ஒருவர் கூறும் ஏற்பாட்டை மற்றவர் அதே அர்த்தத்தில் ஏற்றல் வேண்டும். தொகை எழுதாத ஸ்டாம்புக் காகிதத்தில் கையொப்பமிடலாகாது. அதைப் பூர்த்தி செய்யும் அதிகாரத்தைப் பிறர்க்கு அளித்ததாகிவிடக் கூடும்.

இரண்டாவது, இருதரத்தாரும் 18 வயது நிரம்பிச் சித்த ஸ்வாதீனமுள்ளவராயிருத்தல் வேண்டும். கல்கத்தாவில் மைனர் ஒருவர் 1895இல் எழுதிக் கொடுத்த அடமானம் செல்லாதென 1903இல் பிரிவி கௌன்ஸில் தீர்ப்பளித்தது. கடன் கொடுத்தவர் பணத்தையும் மீட்க இயலவில்லை. வயதை விசாரியாத சங்கத்துக்கும் இந்நஷ்டம் நேரும்.

மூன்றாவது, சம்மதம் சுயேச்சையாயிருத்தல் வேண்டும். தற்கொலை செய்துகொள்வதாகக் கணவர் மிரட்டியதால், மனைவியும் மகனும் தங்கள் சொத்துரிமையை அவருடைய சகோதரருக்கு விடுதலை செய்துகொடுத்தனர். அது பலாத்காரமே என்று 1917இல் சென்னை ஹைகோர்ட்டு தீர்மானித்தது.

நான்காவது, பிரதிபலனும் நோக்கமும் சட்டத்துக்கு விரோதமாயிருத்தலாகாது. பந்தயத்தில் வென்ற பணத்துக்கு வழக்கிட முடியாது.

வாய்மொழி ஒப்பந்தமும் பெரும்பாலும் செல்லுமாயினும் அதை ருசுப்படுத்துதல் கடினம். ஆதலின் எழுத்தறியாத அங்கத்தினர், நம்பிக்கையானவர் பத்திரத்தை வாசிக்கக் கேட்டு, ஷரத்துக்கள் யாவும் விளங்கிய பின்னரே விரலை மையில் தோய்ப்பாராக.