புது வண்டி பட்டறையில் நிற்கிறது

கோலார் தங்கவயலில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே தங்கச் சுரங்கம் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். இந்தக் குடும்பம் உள்ளூரிலேயே டிபன் வியாபாரம் செய்ய நினைத்தது. கடன் வாங்கி பெங்களூரு ஷோரூமில் ஒரு சின்ன வேன் எடுத்தது. வேறொரு பட்டறையில் பாடி கட்டினார்கள். அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, விளக்கு எல்லாம் வைத்தார்கள்.

இரண்டாம் மாதமே தொல்லை தொடங்கியது. மேட்டில் வண்டி இழுக்கவில்லை. விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. கூரையில் மழை ஒழுகியது.

ஷோரூமுக்குப் போனார்கள். "விளக்கு நாங்கள் போட்டது இல்லை. பாடி கட்டினவரைக் கேளுங்கள்" என்றார்கள். பாடி கட்டினவர், "பேட்டரி சரியில்லை அண்ணே, கம்பெனியைக் கேளுங்க" என்றார். பேட்டரிக் கம்பெனி ஆள் வந்து பார்த்தார். "வயரிங் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி நிற்கிறது. தவணை நிற்குமா? அது மாதாமாதம் வந்துகொண்டே இருக்கிறது.

இப்படிப்பட்ட நிலையில் என்ன செய்யலாம்?

வாரண்டி என்பது என்ன?

புது வண்டியோடு ஒரு புத்தகம் தருவார்கள். அதில் வாரண்டி பற்றி எழுதியிருக்கும். இத்தனை வருடம் அல்லது இத்தனை கிலோமீட்டர் என்று இருக்கும். இரண்டில் எது முதலில் முடிகிறதோ, அதோடு வாரண்டி முடியும். வருடக் கணக்கை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. தினமும் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வாரண்டி இருந்தால் புது வண்டியே மாற்றித் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டில் இதைச் சொன்னது. பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் வாரண்டியில் எழுதியிருந்தது. அதனால் அந்தப் பாகத்தைத்தான் மாற்றித் தர வேண்டும், முழு வண்டியை அல்ல என்பது தீர்ப்பு. வாரண்டியில் எழுதியுள்ள வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு.

எதற்கு வாரண்டி கிடையாது என்பதும் அதே புத்தகத்தில் இருக்கும். இந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. கம்பெனிக்காரர் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்! தேய்ந்துபோகும் பாகங்கள், விபத்தில் உடைந்தவை, அதிக பாரம் ஏற்றியதால் கெட்டவை எல்லாம் அங்கே இருக்கும். சர்வீசை நாள் தவறிச் செய்ததும், வெளியாள் வயரை வெட்டி ஒட்டியதும் இருக்கும். டயருக்கும் பேட்டரிக்கும் பெரும்பாலும் தனித்தனிக் கம்பெனியின் வாரண்டி அட்டை உண்டு. அவற்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

பாடி கட்டும் முன்பே ஷோரூமில் ஒன்று கேளுங்கள். "இந்த விளக்குக்கு எந்த இடத்தில் மின்சாரம் எடுக்கலாம்? எடுத்தால் வாரண்டி போகுமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாடி கட்டுபவரிடமும் தனியாக பில் வாங்குங்கள். கூரை ஒழுகினால் எத்தனை மாதம் வரை அவர் பொறுப்பு என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஜாப் கார்டு

வண்டியைப் பழுது பார்க்க விடும்போது ஒரு தாள் எழுதுவார்கள். அதற்கு ஜாப் கார்டு என்று பெயர். நீங்கள் சொன்ன குறை, தேதி, வண்டி ஓடிய கிலோமீட்டர் ஆகியவை அதில் இருக்கும். நாம் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

அங்கேதான் கோளாறு. நீங்கள் பத்து நிமிடம் குறை சொல்லியிருப்பீர்கள். எழுதுகிறவர் "பொது சர்வீஸ்" என்று இரண்டு வார்த்தையில் முடித்திருப்பார். நான்கு முறை வண்டியை விட்டிருப்பீர்கள். நான்கு தாளிலும் "பொது சர்வீஸ்". பிறகு நீங்கள் வழக்குப் போட்டால் கம்பெனி என்ன சொல்லும்? "வண்டியில் குறை எதுவும் இல்லை. வழக்கமான சர்வீசுக்குத்தான் வந்தார்" என்று சொல்லும். தாளும் அதைத்தானே சொல்கிறது?

அதனால் கையெழுத்துக்கு முன் தாளைப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது இல்லையென்றால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும். "மேட்டில் வண்டி இழுக்கவில்லை. இது மூன்றாவது முறை" என்று எழுதுங்கள். ஒரு நகல் வாங்குங்கள். "எங்களிடம் கம்ப்யூட்டரில் இருக்கிறது" என்பார்கள். இருக்கட்டும். உங்களிடமும் ஒன்று இருக்க வேண்டும்.

வண்டியைத் திருப்பி எடுக்கும்போதும் ஒரு கையெழுத்து கேட்பார்கள். வேலை திருப்தியாக இருந்தது என்று அதில் அச்சடித்திருக்கும். முதலில் ஓட்டிப் பாருங்கள். குறை தீரவில்லை என்றால் அதையே எழுதிக் கையெழுத்திடுங்கள். காசு வாங்காமல் செய்த வேலைக்கும் பில் கேளுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று அதில் தெரியும். விட்ட தேதியும் எடுத்த தேதியும் தெரியும். ஒரு வருடத்தில் 40 நாள் வண்டி பட்டறையில் நின்றது என்பதை இந்தத் தாள்களைத் தவிர வேறு எது காட்டும்?

தவணையை நிறுத்தலாமா?

கோபத்தில் சிலர் தவணையை நிறுத்திவிடுகிறார்கள். அது ஆபத்து. வண்டி விற்றவர் வேறு. கடன் கொடுத்தவர் வேறு. தவணை நின்றால் கடன் கொடுத்தவர் வண்டியையே எடுத்துக்கொள்ளப் பார்ப்பார். வேலை இல்லாத நாட்களின் நஷ்டத்தைக் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கே போவது?

முதலில் கடிதம் எழுதுங்கள். ஷோரூமுக்கு ஒன்று, வண்டி செய்த கம்பெனிக்கு ஒன்று. பாடி பற்றிய குறை என்றால் பாடி கட்டினவருக்கும் ஒன்று. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரைப் பதிந்து கம்பெனிக்கு அனுப்புவார்கள். ஆனால் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

தீர்ப்புச் சொல்வது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இப்போது உள்ளது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது.

இங்கே கம்பெனி வக்கீல் ஒரு கேள்வி கேட்பார். "இது வியாபார வண்டி. இவர் எப்படி நுகர்வோர் ஆவார்?" இதைக் கேட்டுப் பயந்து திரும்பி வந்துவிடக் கூடாது. சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காகவே ஒரு பொருளை வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. 1995-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதை உதாரணத்தோடு விளக்கியது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். லாரி வாங்கித் தானே ஓட்டுபவரும் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. ஆனால் முழுக்க முழுக்க வேறு ஆள் ஓட்டுவதற்காக வாங்கி விட்டவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆகவே வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள், அதில்தான் குடும்பம் பிழைக்கிறது என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

வண்டியை பெங்களூருவில் வாங்கியிருக்கலாம். நீங்கள் கோலார் மாவட்டத்தில் குடியிருந்தால் கோலாரிலேயே மனு கொடுக்கலாம். 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய். குறை ஏற்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். "அடுத்த மாதம் பார்த்துத் தருகிறோம்" என்ற பேச்சிலேயே இந்த 2 வருடம் ஓடிவிடும். கவனம்.

மனுவில் ஷோரூம், கம்பெனி, பாடி கட்டினவர் என்று சம்பந்தப்பட்ட எல்லோரையும் சேருங்கள். மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்றால்தான் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவது ஆணையத்துக்குத் தெரியும். பழுதான பாகத்தை மாற்றித் தரும்படி கேட்கலாம். பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நஷ்ட ஈடும் கேட்கலாம்.

குறை பிறவிக் குறையா, ஓட்டியதால் வந்ததா என்பதைப் பார்த்த உடனே சொல்ல முடியாது. அப்போது ஆணையம் சோதனைக்கு அனுப்பும். அதற்கான செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். சோதனை இல்லாத வழக்கை 3 மாதத்திலும், சோதனை உள்ள வழக்கை 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் பல வழக்குகள் இன்னும் நெடுநாள் இழுக்கின்றன. அதற்குள் பொறுக்க முடியாமல் தெரிந்த மெக்கானிக்கிடம் இஞ்சினைப் பிரித்துவிட்டால், சோதித்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது. சோதனைக்கு அனுப்பும்படி மனுவோடு சேர்த்து முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.