அங்கே ராட்டை நிற்கும்... இங்கே தறி நிற்காது!

மார்கழிக் காலையில் ஆரணியின் நெசவுத் தெருக்களில் நடந்து பாருங்கள். வாசலில் கோலம் முடிவதற்குள் உள்ளே தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். பனி விலகும்வரை தெருவில் பாவு நீட்ட முடியாது. தறிக்குழியில் கால் வைத்தால் ஜில்லென்று ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் குழியில் மிச்சமிருந்தால் பட்டு இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்பே சூரியன் போய்விட, அரக்கு நிறத்துக்கும் கருஞ்சிவப்புக்கும் வித்தியாசம் பார்க்க விளக்கைப் போட்டாக வேண்டும்.

வெளிச்சம் குறைந்த இந்த மாதத்தில்தான் வேலை நெருக்கும். மார்கழியில் கல்யாணம் கிடையாது. தை பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசை கட்டும். அந்தக் கல்யாணப் பெண்களின் சேலைகள் இப்போது தறியில் இருந்தாக வேண்டும்.

டிசம்பர் 21, 22 தேதிகள்தான் நமக்கு வருடத்தின் மிகக் குறுகிய பகல். ஆரணியில் அன்று சுமார் 11 மணி 20 நிமிடம் வெளிச்சம் இருக்கும். ஜூன் மாத நீண்ட பகலோடு ஒப்பிட்டால் ஒன்றரை மணி நேரம்தான் குறைவு. நார்வேயின் ஆஸ்லோவில் அன்று ஆறு மணி நேரம்கூடப் பகல் இல்லை. இன்னும் வடக்கே ட்ரோம்ஸோ நகரில், நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் தலையே காட்டாது.

அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் கிறிஸ்தவம் வருவதற்கு முன்பு அந்த இருட்டில் கொண்டாடிய விழாதான் 'யூல்'. பலி கொடுத்து, பெரிய விருந்து வைத்து, வீட்டிலேயே காய்ச்சிய பீரைத் தெய்வங்களின் பெயரைச் சொல்லிக் குடிப்பார்கள். வெற்றிக்காக ஓடினுக்கு ஒரு கோப்பை. நல்ல விளைச்சலுக்கும் அமைதிக்கும் நியோர்ட், ஃப்ரேய் என்ற தெய்வங்களுக்கு அடுத்த கோப்பைகள். பலி கொடுக்கவிருக்கும் ஆண் பன்றியின் மேல் கை வைத்துச் சபதம் எடுப்பதும் உண்டு. ஸ்காண்டிநேவிய நாடுகளில் கிறிஸ்துமஸுக்கு இன்றும் 'யூல்' என்றுதான் பெயர்.

இந்த விழா எப்போது நடந்தது என்பதில் ஒரு சுவாரஸ்யம். 10-ம் நூற்றாண்டில் நார்வே மன்னர் ஹாக்கோன்தான் யூலை கிறிஸ்துமஸ் நாளுக்கு மாற்றினார் என்று 13-ம் நூற்றாண்டு ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பு 'நடுக்குளிர் இரவில்' தொடங்கி மூன்று இரவுகள் நடந்ததாம். அது ஜனவரி நடுப்பகுதியாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. ஏறக்குறைய நம் போகி, பொங்கல் சமயம்! நாமும் சூரியன் டிசம்பரிலேயே வடக்கே திரும்பிவிட்டாலும் தை முதல் நாளில்தானே உத்தராயணம் கொண்டாடுகிறோம்? சுமார் 1,700 வருடங்களுக்கு முன்பு இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. பூமியின் அச்சு மெதுவாகச் சுழல்வதால், ஏறத்தாழ 70 வருடத்துக்கு ஒரு நாள் என்று இந்த இடைவெளி வளர்ந்துவிட்டது. உடனே 'எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்' என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள். இரண்டு ஊரிலும் ஒரே சூரியன், அவ்வளவுதான்.

நெசவு ஊரிலிருந்து பார்க்கும்போது என்னை நிறுத்தியது வேறு விஷயம். பிற்கால நார்வே நாட்டுப்புறக் கதைகளில் 'லுஸ்ஸி' என்றொரு பெண் பேய் வருகிறாள். டிசம்பர் 13 இரவு அவள் சுற்றி வருவாள். அதற்குள் நூற்பு, கதிரடிப்பு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முடியாத வீட்டில் புகைபோக்கியை உடைத்துவிடுவாள் என்று பயந்தார்கள். பழைய நாள்காட்டியில் ஒரு காலத்தில் அந்த இரவுதான் வருடத்தின் நீண்ட இரவாக இருந்தது. விழா நாட்களில் ராட்டையைச் சுற்றவே கூடாது என்ற விலக்கும் வட ஐரோப்பாவில் பல இடங்களில் இருந்தது.

ஐஸ்லாந்தில் பேய்க்குப் பதில் ஒரு ராட்சதப் பூனை. 'யூல் பூனை' என்பார்கள். பண்டிகைக்குப் புதுத்துணி கிடைக்காதவர்களை அது தின்றுவிடும்! கம்பளி வேலையைப் பண்டிகைக்கு முன் முடித்தவர்களுக்கே புதுத்துணி என்பதால், வேலைக்காரர்களை விரட்டப் பிறந்த கதை என்று விளக்கம் சொல்கிறார்கள். 19-ம் நூற்றாண்டில்தான் எழுத்தில் வந்த கதை என்றாலும், குளிர்காலம் முழுக்கக் கம்பளி நூற்ற ஜனங்களின் கவலை அதில் அப்படியே இருக்கிறது.

ஆரணியில் பூனை தேவையில்லை. சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. பொங்கலுக்கு முன்பு அறுப்பு விழுந்தால் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை, வீட்டுக்காரிக்கு ஒரு பூனம் சேலை. ஜரிகை வர நாலு நாள் தாமதமானால், ஊடை ஓட்ட முடியாதபடி குழியில் ஈரம் ஏறினால், அந்தக் கணக்கு தவறிவிடும். நம் மாநிலத்தில் 1983-ல் எம்.ஜி.ஆர். பொங்கலுக்கு இலவச வேட்டி, சேலை தரும் திட்டத்தைத் தொடங்கினார். பண்டிகைக்குப் புதுத்துணி இல்லாத வீடுகள் அன்று எத்தனையோ இருந்தன. நெசவாளர்கள் பலருக்கு அந்தத் துணிகளை நெய்யும் வேலையும் கிடைத்தது.

போகியன்று விடியற்காலையில் தெருவெங்கும் பழைய பாய் எரியும் புகை. சில வீடுகளில் அந்த நேரத்திலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். முந்தானைக்கு இன்னும் ஒரு முழம் பாக்கி.