ஆண் நாயை இணைக்கு விடுமுன் கவனிக்க வேண்டியவை

கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளில் நாய் இல்லாத வாசல் அரிது. ஆட்டுப்பட்டிக்கும் களத்துக்கும் அதுவே காவல். கணபதி போன்ற ஊர்கள் நகரத்தோடு சேர்ந்துவிட்ட பின்னும், அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளில் ராஜபாளையம், சிப்பிப்பாறை முதலிய தென்மாவட்ட இனங்களை விரும்பி வளர்ப்போர் உள்ளனர். நல்ல ஆண் நாய் ஒன்று இருந்தால், பெட்டை வைத்திருப்போர் தேடி வருவர். ரொக்கமோ, ஈற்றில் ஒரு குட்டியோ தருவதாகக் கூறுவர். ஒப்புக்கொள்ளுமுன் சிலவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரவும் செலவும்

பெட்டை நாய் பொதுவாக ஆண்டுக்கு இரு முறையே பருவத்துக்கு வரும். ஆண் நாய்க்கோ நாள்தோறும் உணவு, ஆண்டுதோறும் தடுப்பூசி, அவ்வப்போது குடற்புழு மருந்து என்று செலவு உண்டு. இதை நம்பிப் பணம் போடுவது சரியன்று. 'ஒரு முறை சேர்த்துவிட்டால் நாய் அடங்கிவிடும்' என்பதும் தவறான நம்பிக்கையே.

வெள்ளை நிறமும் செவிடும்

ராஜபாளையத்தில் பால் வெள்ளைக்கே கிராக்கி அதிகம். ஆனால் அந்நிறத்தோடு பிறவிச் செவிடும் இவ்வினத்தில் காணப்படுகிறது. ஒரு காது மட்டும் கேளாத நாய் மற்ற நாய்களைப் போலவே நடமாடும். குறை வெளியே தெரியாது. ஆகவே, முன்பு பிறந்த குட்டிகளை விசாரித்தறிய வேண்டும். ஐந்து, ஆறு வாரக் குட்டிகள் உறங்கும்போது பின்னாலிருந்து கை தட்டினால், இரு காதும் கேளாதது விழிக்காது. காது கேளாத நாய் பட்டிக் காவலுக்கு உதவாது. பெட்டையின் குறை ஒரு வீட்டு ஈற்றோடு நிற்கும். ஆண் நாயின் குறையோ பத்துத் தோட்டங்களுக்குப் பரவும். அதே நாயை அதன் மகளோடு சேர்ப்பதையும் தவிர்க்க வேண்டும்.

நோய்கள்

இணை சேர்வதால் பரவும் பால்வினைக் கட்டி நம் நாட்டில் பரவலாக உள்ளது. பிறப்புறுப்பில் பூக்கோசு போன்ற கட்டியும் சொட்டுச் சொட்டாக இரத்தமும் காணப்படும். பெட்டையில் இந்த இரத்தத்தைப் பருவம் என்று எண்ணி ஏமாறுவோரும் உண்டு. கருச்சிதைவு உண்டாக்கும் புரூசெல்லா நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது. எனவே, இரு நாய்களையும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, இரத்தப் பரிசோதனையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடித்த பின்னரே சேர்க்க வேண்டும்.

சேர்க்கும் முறை

18 மாதம் நிரம்பாத நாயைச் சேர்க்கலாகாது. பெட்டையை ஆண் நாய் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருவதே நல்லது. இரத்தக் கசிவு தொடங்கிய 10 முதல் 14 நாட்களுக்குள், பெட்டை வாலை ஒதுக்கி நிற்கும்போது, ஒரு நாள் இடைவெளியில் இரு முறை சேர்க்கலாம். பிணைப்பு அரை மணி நேரம் வரை நீடிக்கும். அப்போது அடிப்பதோ, தண்ணீர் ஊற்றிப் பிரிப்பதோ இரு நாய்களுக்கும் காயம் உண்டாக்கும். பருவம் முடியும் வரை, அதாவது சுமார் மூன்று வாரம், பெட்டையை அடைத்து வைக்க வேண்டும். தெரு நாயும் சேர்ந்தால் ஒரே ஈற்றில் இரு தகப்பன் குட்டிகள் பிறக்கும். பழி ஆண் நாய்க்காரர் மேல் விழும். குட்டி ஈனச் சுமார் 63 நாள் ஆகும்.

எழுத்தில் இருக்கட்டும்

சேர்த்த நாள், கட்டணம், சினை பிடிக்காவிட்டால் மறு முறை இலவசமா, குட்டி என்றால் முதல் தேர்வு யாருக்கு என்பவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுவது நன்று. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, விற்பனைக்காக நாய் இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக்கூடாது. கட்டணமாகப் பெற்ற குட்டியை விற்க நினைப்போரும் இதை மறக்கலாகாது.

நோயோ பிறவிக் குறையோ உள்ள நாயைக் கேட்டு வருவோரிடம் 'இல்லை' என்று சொல்லத் தயங்க வேண்டாம். கைக்கு வரும் கட்டணம் சில நாளில் செலவாகிவிடும். பிறக்கும் குட்டிகளோ பல ஆண்டுகள் பிறர் தோட்டத்தில் காவல் நிற்க வேண்டியவை.