சுமை ஏறினால் எஞ்சின் என்ன செய்கிறது?

புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் வாழும் நமக்கு மண்வாரி இயந்திரம் புதிதன்று. மலேசியாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம், 1917ஆம் ஆண்டில் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரத்தில் தொடங்கப் பெற்றது. கரையோரக் களிமண்ணில் நீர் தேங்கினால் செம்பனை செழிக்காது. ஆகவே, கால்வாய் வெட்டுவதும் தூர் எடுப்பதும் இங்கு ஓயாத வேலை. முன்பு மண்வெட்டி செய்த அவ்வேலையை இன்று டீசல் எஞ்சின் செய்கிறது.

எங்கள் பள்ளி வேலிக்கு அப்பால் கால்வாய் தோண்டியபோது ஒரு மாணவன் கேட்டான்: “சார், வாளி மண்ணுக்குள் இறங்கும்போது எஞ்சின் சத்தம் கம்மிப் போகிறது. டிரைவர் ஒன்றையும் தொடவில்லை. அப்புறம் எப்படித் தானாகவே சரியாகிறது?”

நல்ல கேள்வி. விடையைப் பார்ப்போம்.

டீசல் எஞ்சினில் முதலில் காற்றை மட்டும் அழுத்திச் சூடேற்றுகிறோம். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சியதும் அது தீப்பற்றுகிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய முறை இது. பீய்ச்சும் எண்ணெயின் அளவே எஞ்சினின் வலிமையைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த அளவைக் கவனிக்கும் கருவிக்குக் ‘கவர்னர்’ என்று பெயர்.

பழைய வகைக் கவர்னரில் சிறு எடைக்கட்டிகள் சுழல்கின்றன. வேகம் கூடினால் அவை வெளியே விரிந்து எண்ணெயைக் குறைக்கும். சுமை ஏறி வேகம் தணிந்தால் அவை உள்ளே ஒடுங்கும். உடனே ஒரு ஸ்பிரிங் தள்ளி எண்ணெயைக் கூட்டும். புதிய எஞ்சின்களில் இதே வேலையை மின்னணுக் கருவி செய்கிறது.

சைக்கிளில் பால் வாளியுடன் மேடு ஏறுகிறவர் பலமாக மிதித்தாலும் வேகம் சற்றுக் குறையும் அல்லவா? பழைய எஞ்சினும் அப்படித்தான். எடுத்துக்காட்டாக, சுமையின்றி நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழல்வது, முழுச் சுமையில் 1,900 சுற்றில் நிற்கலாம். இது கோளாறு அன்று.

ஆனால், எண்ணெய்க்கும் ஓர் உச்ச அளவு உண்டு. அதற்கு மேலும் சுமை ஏறினால் வேகம் மளமளவென்று விழும். எஞ்சின் நின்றும் போகலாம். அவ்வாறு நேராதிருக்க, மண்வாரியின் ஹைட்ராலிக் பம்பு தன் எண்ணெய் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். வாளி மெதுவாக நகரும், எஞ்சின் பிழைக்கும்.

வழக்கத்தை விட வேகம் அதிகம் விழுந்தால் புகையைப் பாருங்கள். கரும்புகை வந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். புகையின்றிச் சோர்ந்தால் எண்ணெய் வடிகட்டியைச் சோதிக்க வேண்டும்.

நாங்கள் அறிந்த ஓர் இளைஞர் இதைப் பார்க்கவில்லை. எண்ணெய் அளவைக் கட்டுப்படுத்தும் திருகின் முத்திரையை உடைத்து முடுக்கினார். பிறகு ஒருவர் அடைபட்ட எண்ணெய் வடிகட்டியை மாற்றினார். அளவுக்கு மீறிய எண்ணெய் பாய்ந்தது. கரும்புகை கக்கிய எஞ்சினில் பிஸ்டன் கருகியது. சில வெள்ளி வடிகட்டிக்காக அவர் வேலையையே இழந்தார்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று இவ்வியந்திரங்களை ஓட்டிப் பிழைக்கின்றனர். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: எஞ்சினின் குரல் தாழ்ந்து மீண்டால் அச்சமில்லை. தாழ்ந்தே கிடந்தால் வாளியின் சுமையைக் குறையுங்கள், காரணத்தைத் தேடுங்கள், திருகைத் தொடாதீர்கள்.