மிளகாய் போட்ட சாக்லேட்!
இன்டர்வியூவில் கோட்டைவிட்ட ரூம்மேட், 'ஊருக்கே போயிடறேன்டா' என்று பெட்டி கட்டினான். வெளியே மழை. 'ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போ' என்றேன்.

டம்ளருக்கு 2 ஸ்பூன் கோகோ பவுடர். சூடான பால் கொஞ்சம் விட்டுக் குழைத்தேன் (நேரே கொட்டினால் கட்டி தட்டும், ஜாக்கிரதை!). மீதிப் பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டு இறக்கி, சற்று ஆறியதும் கருப்பட்டி. முன்னாடியே போட்டால் பால் திரிந்துவிடும்.

எனக்கு ஏலக்காய். ஜலதோஷத்திலிருந்த பக்கத்து ரூம் சாருக்கு சுக்கு. அவனுக்கு மட்டும் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள்!

'டேய், காரம்டா!'

'மெக்ஸிகோவில் அஸ்டெக் மக்கள் 500 வருஷத்துக்கு முன்னாடியே மிளகாய் போட்டுத்தான் குடிச்சாங்க. சர்க்கரைகூடக் கிடையாது!'

மூக்கை உறிஞ்சினான். மிளகாயா, அழுகையா... நான் கேட்கவில்லை. டம்ளரை நீட்டினான்: 'இன்னும் கொஞ்சம் ஊத்து.'

பெட்டி மறுபடி கட்டிலுக்கடியில் போனது.