வழங்கி மாறும்போது எழுத்து மாறலாமா?

சிறு நிறுவனம் ஒன்றில் ஐந்தாறு கணினிகள் இருக்கும். அவை எல்லாவற்றுக்கும் பொதுவான கோப்புகளையும் வாடிக்கையாளர் பட்டியலையும் கணக்கையும் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, கேட்ட கணினிக்குக் கேட்டதை எடுத்துத் தரும் கணினியைச் சர்வர் என்கிறோம். தமிழில் இதற்குச் சேவையகம், வழங்கி என்னும் இரு சொற்கள் வழங்குகின்றன. முன்னது இடத்தால் பெற்ற பெயர். பின்னது தொழிலால் பெற்ற பெயர். தொழிலாகுபெயர் போல் நிற்கும் பின்னதே எனக்கு உவப்பானது.

வழங்கிக்கும் ஆயுள் உண்டு. வன்தட்டு பழுதாகும், மென்பொருள் மூப்படையும். விண்டோஸ் சர்வர் 2012 பதிப்புக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபர் 10ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. 2016 பதிப்புக்குக் குறிக்கப்பட்ட இறுதி நாள் 2027 ஜனவரி 12. ஆகவே, பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்கு மாறுவது சிறு நிறுவனங்கள் தவிர்க்க முடியாத வேலை. இதில் ஒரு மொழியியலாளனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தமிழ்க் கோப்புகளைப் பொறுத்தவரை, இருப்பதில் பெரும்பகுதி மொழியியலே.

சிராங்கூன் சாலையை ஒட்டிய தெருவொன்றில் இருபத்தைந்து ஆண்டுகளாக நடந்துவரும் தமிழ் அச்சகம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் வழங்கியில் திருமண அழைப்பிதழ்கள், கோயில் விழாத் துண்டறிக்கைகள், சங்கங்களின் ஆண்டு மலர்கள், துணைப்பாட நிலையங்களின் பயிற்சித் தாள்கள், இரங்கல் அறிவிப்புகள் எனக் குவிந்து கிடக்கின்றன. பல சங்கங்களுக்குத் தம் பழைய மலரின் மூலக்கோப்பு அச்சகத்தில்தான் இருக்கும். புதிய வழங்கி வாங்க வெகுதொலைவு போக வேண்டியதில்லை. சிம் லிம் ஸ்குவேர் நடந்துபோகும் தூரம். பொருத்தித் தருபவர், "எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்துவிடலாம்" என்பார். அவர் சொல்வது உண்மை. ஒரு பைட்டுக்கூடக் குறையாமல் எல்லாம் வந்துசேரும். ஆனால் திறந்து பார்த்தால் தமிழ் இராது.

காரணத்தை அறியச் சற்றுப் பின்னே செல்ல வேண்டும். பழைய முறையில் ஓர் எழுத்துருவில் 256 இடங்களே உண்டு. எந்த இடத்தில் எந்தத் தமிழ் வடிவத்தை அமர்த்துவது என்பதை ஒவ்வோர் எழுத்துருப் படைப்பாளரும் தம் விருப்பப்படி முடிவு செய்தனர். பாமினி எழுத்துருவில் 'வணக்கம்' என்று தட்டியவர் உண்மையில் சேமித்தது டீ, இஸெட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி என்னும் ஏழு குறிகளை. அந்த எழுத்துரு உள்ள கணினியில் அது வணக்கம். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். அதாவது, கோப்பில் தமிழ் இல்லை. கோப்பும் எழுத்துருவும் சேர்ந்தால்தான் தமிழ்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சியில் சிங்கப்பூருக்குச் சிறப்பான பங்குண்டு. எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி கணியன் என்னும் முறையை உருவாக்கினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றியபோது தமிழுக்கு இடம் கிடைத்தது அவர் உழைப்பால். 1997 மே மாதம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999இல் சென்னை மாநாட்டின்வழி தாம், தாப் என்னும் தரங்கள் பிறந்தன; மடற்குழுக்களில் திஸ்கி பரவியது. 2000ஆம் ஆண்டு மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது உத்தமம் அமைப்பு உருவாயிற்று. ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதி 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இருந்தபோதிலும், அதை அச்சகங்கள் உடனே ஏற்க இயலவில்லை. பக்கம் வடிவமைக்க அவை நம்பியிருந்த பேஜ்மேக்கர் ஒருங்குறியை அறியாதது. விளைவாக, மண்ணடுக்குகள்போல ஒவ்வொரு காலத்துக் குறியேற்றமும் ஒரே வன்தட்டில் படிந்து கிடக்கிறது.

ஆகையால் திட்டத்தின் முதல் வேலை புதிய பெட்டியின் விலைப்பட்டியலைப் பார்ப்பதன்று, பழைய பெட்டியில் உள்ளவற்றைக் கணக்கெடுப்பது. எந்தக் கோப்புறை எந்த ஆண்டினது, எந்த மென்பொருளில் எழுதப்பட்டது, எந்த எழுத்துருவைக் கேட்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். எழுத்துருக் கோப்புகளை முதலில் தனியே படியெடுக்க வேண்டும். பழைய வழங்கி உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்; அது நின்றபின் எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் இருந்தது என்று கண்டுபிடிப்பது கல்வெட்டாய்வாளரின் வேலையாகிவிடும்.

அடுத்தது மாற்றம். பழைய குறியேற்றத்தை ஒருங்குறியாக்கும் கருவிகள் பல உள்ளன. அவற்றை முழுதும் நம்பலாகாது. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் ஒரே வடிவம், ஒரே இடம். இலக்கணம் அறியாத கருவி 'வெள்ளி'யில் உள்ள ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து ஔகாரமாக்கி 'வௌ்ளி' என்று தரும். 'வெளியீடு' என்பது 'வௌியீடு' ஆகும். திரையில் பார்க்கும்போது பல எழுத்துருக்களில் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. ஆனால் 'வெள்ளிக்கிழமை' என்று தேடினால் ஓர் அழைப்பிதழும் அகப்படாது. ளகர வடிவம் புள்ளியையோ உயிர்க்குறியையோ ஏற்றிருந்தால் அது மெய்யெழுத்தின் ளகரம். எதையும் ஏற்காமல் நின்றால் பெரும்பாலும் ஔகாரம். இந்த எளிய விதியைக் கருவியில் சேர்த்தாலே பெரும்பாலான பிழைகள் நீங்கும். மாணவர்கள் எழுதிப் பார்க்கத் தக்க நிரல் இது.

ஸ்ரீ என்னும் எழுத்து இன்னொரு சிக்கல். ஒருங்குறியில் 2005இல் ஶகரம் இடம்பெற்ற பிறகு இதை இரு வழிகளில் சேமிக்க இயல்கிறது: ஸகரத்தோடு ரீ, ஶகரத்தோடு ரீ. வடிவம் பெரும்பாலும் ஒன்றே. சிராங்கூன் சாலையிலேயே ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயமும் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயமும் இருக்கையில், இப்பகுதி அச்சகத்துக்கு இது சிறு விவகாரமாகாது. ஒரு வழியைத் தேர்ந்து அனைத்தையும் அதற்கு மாற்றிவிடுவதே தக்கது.

வாடிக்கையாளர் பட்டியல் தரவுத்தளத்தில் இருந்தால் வேறு ஆபத்துகள் உண்டு. 'சுப்பிரமணியம்' நம் கணக்கில் எட்டு எழுத்து. ஒருங்குறி அதைப் பதின்மூன்று குறிகளாகச் சேமிக்கிறது. பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ஆக 39 பைட்டுகள். பெயருக்கு 30 பைட்டுகள் என்று பழைய காலத்தில் அளந்து வைத்த கட்டத்தில் இதை ஊற்றினால், சில தரவுத்தளங்கள் மறுக்கும்; சில ஓசையின்றி வெட்டும். வெட்டினால் எஞ்சுவது 'சுப்பிரமணி'. அதுவும் ஒரு பெயராகவே இருப்பதால் எவரும் ஐயுறமாட்டார். பிழை பிழைபோல் தோன்றாதபோதுதான் அஞ்ச வேண்டும்.

அகரவரிசையையும் கவனிக்க வேண்டும். ஒருங்குறித் தொகுதியில் னகரம் நகரத்தை அடுத்தும் ழகரம் வகரத்துக்கு முன்னும் அமைந்துள்ளன. குறி எண்ணின்படி வரிசைப்படுத்தும் வழங்கி, பழனியைப் பவானிக்கு முன்னே வைக்கும். தமிழுக்குரிய வரிசைமுறையைத் தரவுத்தளத்தை நிறுவும்போதே தேர்ந்துகொள்வது நல்லது. நிறுவியபின் மாற்றுவது கடினம்.

தரவை ஏற்றியபின் திரையில் தோன்றுவதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தலையில் கோடிட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தும் மாறிமாறி வந்தால் கலங்க வேண்டியதில்லை. ஒருங்குறித் தமிழை வழங்கி வேறொன்றாகப் படிக்கிறது. பைட்டுகள் பத்திரமாக உள்ளன. அமைப்பைத் திருத்தினால் போதும். வரிசையாகக் கேள்விக்குறிகள் சேமிக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு. எழுத்து இருந்த இடத்தில் கேள்விக்குறியே எழுதப்பட்டுவிட்டது. அந்தப் படியிலிருந்து மீட்பில்லை. பழைய மூலத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

இதனால்தான் ஒத்திகை தேவை. முதலில் ஒரு படியை மட்டும் புதிய வழங்கியில் ஏற்றிச் சோதிக்க வேண்டும். சோதனைத் தாளை ஆசிரியர்கள் தயாரித்துத் தரலாம்: 247 எழுத்துகள், கிரந்த எழுத்துகள், மேற்சொன்ன சிக்கற் சொற்கள், நீண்ட பெயர்கள் பத்து. இத்தாளைப் பழைய வழங்கியில் வைத்து, மாற்றி, புதியதில் திறந்து, தேடி, வரிசைப்படுத்தி, அச்சிட்டுப் பார்க்க வேண்டும். காப்புப்படியும் அவ்வாறே: அதிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டெடுத்துப் பார்க்காதவரை அது காப்பு என்னும் பெயருக்கு உரியதாகாது. ஒரே பெட்டியில் இரண்டு வன்தட்டுகள் ஒன்றையொன்று பிரதி செய்வதைக் காப்புப்படி எனச் சிலர் கருதுகின்றனர். ஒருவர் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும்.

மாற்றும் நாளாகத் தீபாவளிக்கு முந்திய வாரங்களைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று அச்சகத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமைதியான வார இறுதி ஒன்றில், குறித்த மணிக்குமேல் பழைய வழங்கியில் எவரும் எழுதாமல் தடுத்து, இறுதிப் படியை எடுத்து, புதியதில் ஏற்ற வேண்டும். திங்கட்கிழமை முதல் வேலை புதியதில் நடக்கும். பழையது படிக்க மட்டும் சில வாரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

அதன்பின் பழைய பெட்டியை என்ன செய்வது? அதன் முழு வட்டையும் மெய்நிகர்க் கணினியாகப் படியெடுத்து, எழுத்துருக்களோடு பாதுகாக்கலாம். 1999ஆம் ஆண்டு மலர் ஒன்றை என்றேனும் அன்றிருந்தபடியே திறக்க வேண்டிவந்தால் அது உதவும். வணிகப் பதிவேடுகளைக் குறைந்தது ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதி. மறுபுறம், தேவை முடிந்த தனிநபர் தரவை வைத்திருக்கலாகாது என்கிறது 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். மணமக்களின் முகவரிகளும் தொலைபேசி எண்களும் நிறைந்த பட்டியலை நீக்கிவிட்டு மலர்களை மட்டும் காக்கும்படி படியைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிறகு வன்தட்டை மீட்க முடியாதவாறு அழித்து அப்புறப்படுத்தலாம். எந்தக் கோப்புக்கு எந்த எழுத்துரு என்ற அட்டவணையை மட்டும் தாளில் அச்சிட்டு, புதிய வழங்கியின் அருகிலேயே ஒட்டி வைக்கவும்.