பண்டகசாலையில் பிறந்த இசை

இசைக் கலைஞன் என்றதும் பாடகனையோ, வாத்தியம் வாசிப்பவனையோ, மெட்டு அமைப்பவனையோ நினைப்பது வழக்கம். பிறர் பாடி வைத்த இசைத்தட்டுகளைச் சுழலவிட்டே ஒருவர் புதிய இசைவகை ஒன்றுக்கு வழி வகுத்தார் என்றால் அது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அமெரிக்கரான பிராங்கி நக்கிள்ஸ் அவ்வாறே செய்தார். 'ஹவுஸ்' என்னும் பெயரால் இன்று உலகெங்கும் வழங்கும் நடன இசையின் தந்தை என அவரைக் கூறுவர். அவருடைய வரலாறு ஓர் இசையின் வரலாறு மட்டுமன்று. ஒதுக்கப்பட்ட மக்கள் தமக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்ட வரலாறும் ஆகும்.

நக்கிள்ஸ் 1955ஆம் ஆண்டு சனவரி 18ஆந் திகதி நியூ யோர்க் நகரின் புறொங்ஸ் பகுதியில் பிறந்தார். இளமையில் அவர் பயின்றது துணி வடிவமைப்பு. இணைபிரியாத நண்பராக வாய்த்தவர் லறி லெவான் என்பவர். 1970களின் முற்பகுதியில் இருவரும் அந்நகரின் நடன விடுதிகளில் வேலைக்கமர்ந்து, இசைத்தட்டு இயக்கும் தொழிலைக் கற்றனர். அத்தொழில் வெறுமனே தட்டை மாற்றி வைப்பதன்று. இரண்டு சுழலிகளில் இரண்டு தட்டுகள் சுழலும். ஒன்று ஒலித்துக்கொண்டிருக்கையில் மற்றதைக் காதணி ஒலிப்பானில் தனியே கேட்டு, அதன் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ முதலாவதன் தாளத்தோடு பொருத்த வேண்டும். பொருத்தம் சரியாக அமைந்தால் ஒரு பாட்டு முடிந்ததையும் மற்றது தொடங்கியதையும் ஆடுவோர் அறியார். இரவு முழுவதும் ஒரே பாட்டாகவே தோன்றும்.

1977ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் றொபேட் வில்லியம்ஸ் என்பவர் நடன விடுதியொன்றை நடத்த முற்பட்டார். தெற்கு ஜெபர்சன் வீதி 206ஆம் இலக்கத்திலிருந்த பழைய தொழிற்கட்டடம் ஒன்றே அதற்குக் கிடைத்த இடம். பண்டகசாலை எனப் பொருள்படும் 'வெயார்ஹவுஸ்' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. வில்லியம்ஸ் முதலில் அழைத்தது லெவானையே. அவர் நியூ யோர்க்கை விட்டுப் பெயர விரும்பாமையால் அந்த வாய்ப்பு நக்கிள்ஸுக்கு வந்தது. அங்கு வந்தவர்களிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினருமான, தன்பாலீர்ப்புடைய இளைஞர். நகரின் மற்ற விடுதிகளில் இவர்களுக்கு நல்வரவு இருக்கவில்லை. நக்கிள்ஸும் இவர்களுள் ஒருவரே. எனவே சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு பகல்வரை நீண்ட அந்த நடனம் அவர்களுக்குக் கேளிக்கை மட்டுமன்று, ஆறுதலுமாயிற்று. அவ்விடத்தைத் தேவாலயத்துக்கு ஒப்பிட்டுப் பேசியவர்களும் உண்டு.

அக்காலத்தில் நடன விடுதிகளை ஆண்டது 'டிஸ்கோ' இசை. அதற்கெதிரான வெறுப்பும் சிக்காகோவிலேயே வெடித்தது. 1979ஆம் ஆண்டு யூலை 12ஆந் திகதி, கொமிஸ்கி பார்க் என்னும் விளையாட்டரங்கில் இரண்டு பேஸ்போல் ஆட்டங்களுக்கிடையே, ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளரின் முன்னின்ற ஏற்பாட்டில், டிஸ்கோ இசைத்தட்டுகள் பெட்டியோடு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. தகர்ப்பதற்கென ஒரு தட்டைக் கொண்டுவந்தவர்களுக்கு நுழைவுச் சீட்டு 98 சதமே. ஆயிரக்கணக்கானோர் மைதானத்துட் பாய்ந்தமையால் இரண்டாவது ஆட்டம் நடைபெறவே முடியவில்லை. இதனைப் பாட்டுப் பற்றிய சச்சரவாக மட்டும் பலர் கொள்ளவில்லை. அவ்விசையை ஆக்கியோர் பெரும்பாலும் கறுப்பினத்தவர். அதனை வளர்த்த விடுதிகளிற் பல தன்பாலீர்ப்பினருடையவை. ஆகவே, தகர்க்கப்பட்டது தட்டுகள் மட்டுந்தானா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகின்றது.

அதன் பின்னர் பெரிய கம்பெனிகள் டிஸ்கோ தட்டுகளை வெளியிடுவதைக் குறைத்துக்கொண்டன. புதிய தட்டுகள் வரத்து அருகியது. ஆடுவோரின் ஆவலோ அருகவில்லை. இந்த முட்டுப்பாடே நக்கிள்ஸின் கலையை வளர்த்தது. பழைய பாட்டுகளை அவர் சுருள் ஒலிநாடாவிற் பதிவுசெய்து, நாடாவை வெட்டியும் ஒட்டியும் புதிதாக அமைக்கலானார். ஒரு பாட்டிலே குரல் ஓய்ந்து முழவும் தாளமும் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியே ஆடுவோரைப் பெரிதும் கவர்வது. சில கணங்களில் மறையும் அப்பகுதியைத் திரும்பத் திரும்ப ஒட்டிப் பல நிமிடங்களுக்கு நீட்டினார். பிலடெல்பியா நகரத்துக் கறுப்பினப் பாடகரின் கனிந்த பாட்டுகளையும் ஐரோப்பாவின் மின்னிசையையும் அடுத்தடுத்து இணைத்தார். சில வேளைகளில் விளக்குகளை அணைத்துவிட்டு, விரைந்தோடும் புகையிரதத்தின் ஓசையை மண்டபம் அதிர ஒலிக்கச் செய்வார் என்றும் சொல்லப்படுகிறது.

'ஹவுஸ்' என்ற பெயரும் இவ்விடுதியிலிருந்தே வந்தது. வெயார்ஹவுஸில் ஒலித்த பாட்டுகளை இளைஞர் கடைகளிற் கேட்டு வாங்கினர். இசைத்தட்டுக் கடையொன்று அத்தட்டுகளுக்கு அந்த விடுதியின் பெயரைக் குறித்து வைக்க, காலப்போக்கில் அப்பெயரின் பிற்பாதி மட்டும் எஞ்சியது என்பர். இசைவகை தோன்றுமுன்னே அதன் பெயர் தோன்றிவிட்டது என்பது இதிலுள்ள புதுமை.

1982ஆம் ஆண்டின் இறுதியில் நக்கிள்ஸ் அவ்விடுதியை விட்டு நீங்கி, அடுத்த ஆண்டு 'பவர் பிளாண்ட்' என்னும் சொந்த விடுதியை அமைத்தார். அங்கே அவருடைய இசை இரண்டாம் படிக்கு ஏறியது. டெற்றோயிற் நகரத்து இளங்கலைஞர் டெரிக் மே என்பவரிடமிருந்து றோலண்ட் கம்பெனியின் 909 என்னும் மின் தாளப்பொறி ஒன்றை வாங்கி, இசைத்தட்டுகளோடு சேர்த்து இயக்கினார். ஒவ்வோர் அட்சரத்திலும் தவறாது விழும் கனத்த முழவொலி, நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடி என்னும் நடை, இடையிடையே கைதட்டல் போன்ற ஓசை ஆகியவையே ஹவுஸ் இசையின் எலும்புக்கூடு. அதுகாறும் வாத்தியக் குழுவொன்று செய்த வேலையை அறையொன்றில் தனித்திருக்கும் இளைஞன் மலிவான பொறிகளைக்கொண்டு செய்யலாம் என்றாயிற்று. 1984இல் ஜெசி சாண்டர்ஸ் வெளியிட்ட தட்டே முதலாவது ஹவுஸ் இசைத்தட்டு எனப் பலராலும் கொள்ளப்படுகிறது. 1987ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிக்காகோவின் ஸ்டீவ் ஹேர்லி ஆக்கிய தட்டு பிரித்தானிய விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது.

நக்கிள்ஸின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் 'யுவர் லவ்' என்னும் பாட்டும் இக்காலத்ததே. சுழன்று சுழன்று வரும் மின்னிசைச் சரம் ஒன்றும், மெல்லக் கிசுகிசுக்கும் குரலொன்றும் அதன் உயிர். பாட்டை இயற்றிப் பாடியவர் ஜேமி பிரின்சிப்பிள் என்னும் இளைஞர். தட்டாக வெளிவருமுன்னரே அது ஒலிநாடாவில் விடுதிகள்தோறும் பரவிவிட்டது. 1986இல் பிரின்சிப்பிளின் பெயரிலும், அடுத்த ஆண்டு நக்கிள்ஸின் பெயரிலும் வெளியாயிற்று. உலகம் நினைவில் வைத்தது இரண்டாவது பெயரையே. பாட்டை ஆக்கியவனுக்கும் அதனை மெருகேற்றி மக்களிடம் சேர்த்தவனுக்கும் புகழை எவ்வாறு பங்கிடுவது என்ற சிக்கல் ஹவுஸ் இசையோடு கூடவே பிறந்தது. அது இன்னும் தீர்ந்தபாடில்லை.

1980களின் பிற்பகுதியில் நக்கிள்ஸ் நியூ யோர்க்குக்குத் திரும்பினார். டேவிட் மொறாலஸ், ஜூடி வைன்ஸ்ரீன் ஆகியோருடன் 'டெப் மிக்ஸ்' என்னும் குழுவிற் பணியாற்றினார். அவருடைய இசையின் மூன்றாம் பருவம் இதுவாகும். கரடுமுரடான பொறியோசை இப்பொழுது மென்மை பெற்றது. பியானோவும் நரம்பு வாத்தியங்களும் குழலோசையும் அதன்மேல் படர்ந்தன. 1989இல் யப்பானியக் கலைஞர் சத்தோஷி தொமியேயுடனும், பாடகர் றொபேட் ஓவன்ஸுடனும் சேர்ந்து அளித்த 'டியர்ஸ்' இதற்கு நல்ல சான்று. 1991இல் 'பியோண்ட் த மிக்ஸ்' என்ற இசைத்தொகுப்பு வந்தது. எரிக் கப்பருடன் சேர்ந்து அமைத்த 'த விசில் சோங்' அதிலுள்ளது. பாட்டே இன்றி, சீட்டியடிப்பது போன்ற எளிய மெட்டொன்று மட்டும் அதிலே தவழ்ந்து செல்லும். அமெரிக்க நடன இசை வரிசையில் அது முதலிடத்தை அடைந்தது. மைக்கல் ஜக்சன் போன்ற புகழ்பெற்றோரின் பாட்டுகளையும் நக்கிள்ஸ் மறுவார்ப்புச் செய்தார். பாடகரின் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள இசை முழுவதையும் புதிதாகக் கட்டியெழுப்புவதே மறுவார்ப்பு. அதற்கென நிறுவப்பட்ட கிராமி விருதினை 1998இல் முதன்முதலாகப் பெற்றவர் அவரே.

புகழோடு இழப்பும் வந்தது. வெயார்ஹவுஸில் ஆடிய தலைமுறையினருட் பலரை எயிட்ஸ் நோய் கொண்டு சென்றது. இளமைத் தோழர் லெவான் 1992இல் 38 வயதில் மாண்டார். நக்கிள்ஸை நீரிழிவு நோய் வாட்டியது. 2008இல் ஒரு பாதத்தை வெட்டியெடுக்க நேர்ந்தது. அதன் பின்னரும் அவர் நாடு நாடாகச் சென்று இசைத்தட்டு இயக்குவதை நிறுத்தவில்லை. கப்பருடன் மீண்டும் சேர்ந்து, பழைய பாட்டுகளுக்குப் புதிய வடிவம் கொடுத்தார். 2014ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி, 59ஆவது வயதில், சிக்காகோவிலே காலமானார்.

இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்த அந்த நகரம் அவரை மறக்கவில்லை. 2004இலேயே வெயார்ஹவுஸ் இருந்த வீதியின் ஒரு பகுதிக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. அக்காலத்தில் மாநில மேலவை உறுப்பினராயிருந்த பராக் ஒபாமா அதற்குத் துணைநின்றார். 2023இல் அக்கட்டடம் நகரின் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அவர் சேர்த்துவைத்த இசைத்தட்டுகள், ஏறக்குறைய 5000, அந்நகரின் ஸ்டோனி ஐலண்ட் கலைக்கூடத்திற் பேணப்படுகின்றன. டிஸ்கோ பழிதீர்த்துக்கொண்ட விதமே ஹவுஸ் இசை என அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்தப் பழியிலே எவருக்கும் தீங்கு நேரவில்லை. வேறெங்கும் இடமில்லாதவர்கள் பழைய பண்டகசாலை ஒன்றிற் கூடி ஆடினார்கள். அவர்கள் ஆடிய தாளத்துக்கு இன்று உலகம் ஆடுகின்றது.